விளக்கில்லாத சமாதி

கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நுழைந்ததுமே கந்தப்பன் காலில் அட்டை ஏறிவிட்டது. சனியன்கள்! தடவியிருந்த சுண்ணாம்பை மழை கழுவிவிட, கணுக்காலில் கொழுகொழுவென்று தொங்கின. பிய்த்து எறிந்துவிட்டு, விரலைச் செடியில் துடைத்துக்கொண்டே ஏறினான்.

எல்லாம் மூக்கனுக்காக. மூக்கன் தப்புப்பறை அடித்தால் வெள்ளைக்காரத் துரையே பங்களாவை விட்டு இறங்கி வந்து நிற்பாராம். அந்த அடியைக் கேட்கத் தோட்டம் தோட்டமாக அலைந்தவன் கந்தப்பன். அவர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மாசியில், பூண்டுலோயாவில் அவனுடைய தோட்டத்துக் காமன் கூத்துக்கு முதன்முதலாக அவனே தப்பு அடிக்கப்போகிறான். அதற்குமுன் மூக்கனின் தப்பில் ஒரே ஒரு அடி போட்டு ஆசி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் கை ஓடாது என்று பயந்து செத்தான்.

மூக்கன் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது சமாதி. மூக்கனின் பெண்சாதி வீரம்மா கூட்டிப்போய்க் காட்டினாள். மேடைக்கு மேலே ஆணியில் அவருடைய தப்பு தொங்கியது. சூடம் இல்லை, பத்தி இல்லை.

"என்னங்க அக்கா இது, ஒரு வெளக்குகூட ஏத்தாம?"

"அவருக்கு நெருப்பு ஆகாது தம்பி. போன வருசம் கூத்துல, தப்பு காய்ச்சுற நெருப்புலதானே தடுக்கி விழுந்தாரு. வெந்த ஒடம்போட நாலஞ்சு நாளு கெடந்தாரு. எரிக்காதீங்க, பொதைச்சிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு." அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "தொட்டுக் கும்பிட்டுக்கங்க. காய்ச்ச மட்டும் வேணாம். நான் போயி தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறேன்."

அவள் போனதும் தப்பை இறக்கினான். சீ! ஈரத்தில் தோல் தொளதொளத்துக் கிடந்தது. தட்டினால் நனைந்த சாக்கில் அடித்த மாதிரி சத்தம். எப்பேர்ப்பட்ட மனுஷன், அவர் தப்புக்கு இந்தக் கதியா? காய்ச்சாத தப்பை எவனாவது அடிப்பானா? இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்! மூலையில் காய்ந்த மானாப்புல் கிடந்தது. அள்ளிப் போட்டுப் பற்றவைத்து, தப்பை நெருப்புக்கு மேலே பிடித்துச் சுற்றினான். பழகிய கை அது பாட்டுக்குச் சுற்றியது.

முதலில் வாடை வந்தது.

காயும் தோலின் வாடை அவனுக்குத் தெரியும். இது சுடுகாட்டு வாடை. பொசுங்கும் மயிரும் உருகும் கொழுப்பும்.

தோல் வியர்த்தது.

மஞ்சளாக, பிசுபிசுவென்று, அவன் மணிக்கட்டில் வழிந்தது. தோலின் நடுவில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அட்டை. செத்த தோலில் அட்டைக்கு என்ன வேலை? பெருவிரல் தடிமனுக்கு ஊதியிருந்த அது சூடு பட்டுச் சுருண்டு விழுந்து, அவன் காலடியில் நசுங்கியது.

ரத்தம். வெதுவெதுப்பாக இருந்தது.

"போதும்ப்பா…" காதருகே யாரோ முனகினார்கள். "சுடுது."

தப்பைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினான். வழியெல்லாம் வாந்தி எடுத்தான். வீட்டில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே நாற்றம். த்தூ என்று தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தான்.

காமன் கூத்தன்று பொழுது சாய்வதற்குள் தோட்டமே கூடிவிட்டது. கந்தப்பன் தன் சொந்தத் தப்பைத்தான் கொண்டுவந்திருந்தான். அந்த வாரம்தான் புதுத்தோல் போட்டிருந்தான்.

"என்னடா கந்தப்பா, ஏன் நிக்கிற? காய்ச்சி அடிடா!" என்று கங்காணி பழனியாண்டி அதட்டினார்.

குந்தினான். நெருப்புக்கு மேலே பிடித்தான்.

"சீச்சீ, என்ன நாத்தம்டி இது!" பக்கத்தில் நின்ற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள்.

புதுத்தோலின் நடுவே கொழுத்த அட்டை ஒன்று மெல்ல நெளிந்தது.

தப்பை நெருப்பிலிருந்து எடுத்து அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. கூட்டம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொன்னேனேப்பா," என்று தோலுக்குள்ளிருந்து முனகல் வந்தது. "சுடுதுன்னு."