பட்டு நூல் காயும் நேரம்

அன்று காலை பிள்ளையார்பாளையத்து மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நடுமாடியில் தனியாகக் குடியிருக்கும் ஜினேஷ். கீழே சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஷாரோன். தண்ணீர்த் தொட்டி நிழலில் அவன் மாட்டிய ஈரப்பதமானிப் பெட்டி. அதைச் சுற்றிக் கொடியில் அவள் தினமும் காயப்போடும் பட்டு நூல். இருவரும் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

“யோவ்... காட்டுத் தீ மேப்பு போடறது நீதானா?”

ஜினேஷ் ஸ்பானரோடு திரும்பினான். அந்தக் கண்கள் முதன்முறையாக இவ்வளவு கிட்டத்தில்... அழுது சிவந்திருந்தன.

“நான்தாங்க.”

“வாலாஜாபாத் தாண்டி கரட்டுக் காட்டுக்கு நேத்தைக்குப் பச்சை போட்டியாமே? பயமில்லன்னு தீக்காவலுக்கு இருந்த மத்தவங்கள அனுப்பிட்டாங்க. எங்கப்பா ஒண்டியா நின்னுக்கினு தீயை அடிச்சாரு. கால் வெந்து ஆஸ்பத்திரில கெடக்குறாரு!”

தீ பிடித்தது அவனுக்குத் தெரியும். அவள் அப்பா என்பது தெரியாது.

கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக நாளைய காற்றையும் வெயிலையும் ஈரத்தையும் கணக்கிட்டு, எது பற்றிக்கொள்ளும் என்று நிறம் போடுவது அவன் வேலை. ஆயிரம் கட்டங்களின் நாளை தெரியும். சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்க ஆளில்லை.

“உங்க நூல் ஈரத்தை இந்தப் பொட்டி காத்தோட ஈரம்னு நெனச்சுக்குது... கரட்டுக்கும் இந்தக் கணக்குதான், ஈரம்னா பச்சை.”

“ஓ! பழிய எம்மேல போடறியா?”

“இல்லைங்க. தினம் நீங்க வந்தா ஸ்கிரீன்ல கோடு ஏறும். அந்த ஈரத்தை நானே கையால கழிச்சுடுவேன். முந்தாநாள் நீங்க பாடிக்கினு இருந்தீங்க... கேட்டுக்கினே மறந்துட்டேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எடத்துல காயப்போட்டிருப்பேனே!”

“போட்டிருப்பீங்க... அதான் சொல்லல.”

காற்றில் ஈர நூல் அவன் சட்டையில் உரசி அரக்குச் சாயக் கறை வைத்தது.

“எனக்கு உங்களைப் புடிக்கும்,” என்றான். சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான நேரம் என்று உறைத்தது.

“அது எங்கப்பா காலுய்யா.”

“தெரியும்.”

அவள் படிக்கட்டுக் கதவுவரை போனாள். நின்றாள்.

“நூல் இங்கதான் காயும். நாளைக்கும் வருவேன். பொட்டிய மாடியோட அந்தக் கோடிக்கு மாத்து. மாத்திட்டுக் குரல் குடு, தொறக்கறேன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவர்கிட்டயே சொல்லு... எல்லாத்தையும்.”

“அதுவரைக்கும்?”

“வெயில்ல நில்லு.”

கதவு அவள் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.