டோனலின் குழி

சண்டை முடிந்த மறுநாள் நண்பகலில், கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த ஒனோராவின் காலுக்கடியில் பிக்காசு விழும் சத்தம் கேட்டது.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தங்க வயலில் அன்று ஒருவரும் தோண்டவில்லை. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, யுரேகா மேட்டில் மரங்களை அடுக்கி அரண் அமைத்து நின்றவர்கள்மேல், ஞாயிறு விடியற்காலையில் இங்கிலாந்து ராணியின் பட்டாளம் பாய்ந்தது. கால் மணி நேரம்தான். செத்தவர்களில் அவள் கணவன் டோனலும் ஒருவன். அன்று காலை அவனைப் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். துப்பாக்கி ஈட்டி கிழித்த நெஞ்சை அவளே கழுவினாள்.

எரிந்த கூடாரங்களின் கரிநாற்றமும் வெயிலில் வதங்கும் யூகலிப்டஸ் இலையின் நெடியும் கலந்து கிடந்த அந்தக் காற்றில், ஈக்களின் இரைச்சலுக்கும் அடியில், அவளும் டோனலும் தங்கத்துக்காகத் தோண்டிய குழியின் நூறடி ஆழத்திலிருந்து சத்தம் நிதானமாக ஏறி வந்தது. இரண்டு வெட்டு. ஓர் இருமல். மறுபடி இரண்டு வெட்டு.

டோனல் அப்படித்தான் வெட்டுவான்.

"உனக்கும் கேக்குதா?" என்றாள், பக்கத்துக் கூடாரத்து லவ்டேயிடம்.

லவ்டேயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "கேக்கலைன்னு வச்சுக்கடி. உள்ள போய்ப் படு."

அதற்குள் தலைமறைவானவர்களைத் தேடிக்கொண்டு குதிரைப் போலீஸ்காரர்கள் இருவர் வந்துவிட்டார்கள். ஒருவன் குழிக்குள் குனிந்தான்.

"யார்றா கீழ? லைசென்ஸ் இருக்கா?"

வெட்டு நின்றது. இருமல் மட்டும் கேட்டது.

"புருஷனை ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அவர் செத்துட்டாருங்க. காலையிலதான் புதைச்சேன்."

"செத்தவன் இருமுறானாக்கும்!" அவன் சிரித்தான். துப்பாக்கி முனை அவள் கழுத்தில் பதிந்தது. "மேல தூக்கு."

வாளி இறக்கும் உருளையின் கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றினாள். டோனலின் கனம் அவள் கைக்குத் தெரியும். இது அவன் கனம் இல்லை. தோள்கள் தெறித்தன. உருளை முனகியது. கிணற்றுக் குளிர் போல ஒன்று முகத்தில் அடித்தது.

"மெதுவா நோரா," என்றது கீழிருந்து அவன் குரல். "நெறைய பேரு இருக்கோம்."

போலீஸ்காரனின் சிரிப்பு நின்றது. "போதும். விட்டுடு!"

அவளால் விட முடியவில்லை. விட்டால் விழுந்துவிடுவான். நூறடி. இன்னொரு முறை சாவான். சுற்றினால் மேலே வந்துவிடுவான்.

"விடுடி!"

சுற்றினாள். அழுதாள். சுற்றினாள்.

குதிரைகள் கட்டறுத்து ஓடின. துப்பாக்கி அவள் கழுத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

குழியின் விளிம்பில் நான்கு விரல்கள் ஏறின. நகமெல்லாம் மஞ்சள் களிமண். பக்கத்தில் இன்னொரு கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. குழியைச் சுற்றி இடமே இல்லாமல், கைகள்.