மெழுகு மருந்தும் ஐந்து நிமிடமும்

1947 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. காலை மணி 7.10.

நர்ஸ் மர்யம் தர்மாமீட்டரை இரண்டு தடவை பார்த்தாள். நூற்று நாலரை. திங்களும் செவ்வாயும் நன்றாக இறங்கிய ஜுரம், புதன் தொடங்கி ஏறிக்கொண்டே வந்து, இன்று புறப்பட்ட இடத்தையும் தாண்டிவிட்டது. படுத்திருந்தவன் வேலுச்சாமி, தாராவித் தோல் கிடங்கில் வேலை செய்பவன். கடுமையான நிமோனியா. எட்டே படுக்கை கொண்ட அந்த மாட்டுங்கா ஆஸ்பத்திரியின் வாசல்வரை அவனுடைய மூச்சுச் சத்தம் கேட்டது.

டாக்டர் சுந்தரராமன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பென்சிலின் என்ற புது மருந்துக்கு ஒரு பொல்லாத குணம். உடம்பில் ஏற்றிய மூன்று மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். ஆகவே ராத்திரி பகல் பாராமல் மூன்று மணிக்கொரு ஊசி. நோயாளிக்கு வியாதியைவிட ஊசி பெரும்பாடு. அதற்காகத்தான் டாக்டர் மருந்துத் தூளைக் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் குழைத்து ஆறு புட்டிகளில் அடைத்தார். மெழுகு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், நாளுக்கு ஒரே ஊசி போதும் என்பது அவர் நம்பிக்கை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெந்நீரில் வைத்தால்தான் அது ஊசியில் ஏறும்.

நாளைக் காலை பத்து மணிக்கு மருத்துவக் குழு ஒன்று இதைப் பார்க்க வருகிறது. அதுவரை வேலுச்சாமி தாங்குவானா என்பதே சந்தேகமாக இருந்தது. புதிதாகப் பென்சிலின் வாங்கலாமென்றால், அடுத்த சரக்குக்கு மூன்று வாரம் ஆகும் என்று பதில் வந்திருந்தது.

"மருந்தை மெழுகு உள்ளேயே பிடிச்சு வெச்சுண்டுடுத்து, அக்கா. நான் தோத்துட்டேன்" என்றார் டாக்டர்.

அக்கா அம்மிணி ஆஸ்பத்திரிக்கு மேலே மாடி வீட்டில் குடியிருந்தாள்; விஷயம் கேட்டு இறங்கி வந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மாட்டுங்காவில் ஏதாவது காணாமல் போனால் ஜனங்கள் முதலில் அவளிடம் வருவார்கள், பிறகுதான் போலீஸுக்குப் போவார்கள். தம்பியின் புலம்பல் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தோத்த மருந்துல மொதல் ரெண்டு நாள் ஜுரம் எப்படிடா எறங்கித்து?"



மணி 7.25. அம்மிணி மர்யமின் குறிப்பேட்டைப் பிரித்தாள். மர்யம் ஒரு நிமிடம்கூடத் தவறாமல் எழுதுகிறவள். திங்கள்: பெட்டி திறந்தது 8.00, ஊசி போட்டது 8.25. செவ்வாயும் அதேதான். புதன்: 8.00, 8.05. வியாழன்: 8.00, 8.04.

பெட்டிச் சாவி யாரிடம் என்று கேட்டாள். தன் இடுப்பைவிட்டு அது இறங்கியதே இல்லை என்றாள் மர்யம். செவ்வாய் மத்தியானம் மட்டும் ஐஸ் கட்டி வந்தபோது பெட்டியைத் திறந்துவைத்தாள். ஊசி போடும் கம்பவுண்டர் பஞ்சுவும், ஊசிகளைக் கழுவும் இசக்கியம்மாளும் உள்ளே ஐஸை அடுக்கினார்கள்.

அம்மிணி அன்றைய புட்டியை எடுத்துவரச் சொன்னாள். பழுப்புக் கண்ணாடிக்குள் கெட்டியாக உறைந்திருந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டே இசக்கியம்மாளைக் கூப்பிட்டாள்.

மருந்தில் கோளாறு என்றால் பழி தன்மேல்தான் விழும் என்று இசக்கியம்மாளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கண் கலங்கி நின்றாள். அம்மிணி மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் அடுப்படியில் என்னென்ன நடக்கும் என்று மட்டும் விசாரித்தாள்.

"ஊசியக் கொதிக்க வச்சு, ஈரம் போவ காயவச்சுக் குடுப்பேன், டீச்சரம்மா. மொத ரெண்டு நாளும் கம்பவுண்டரையா ஒரு சட்டி வெந்நி வாங்கிட்டுப் போனாவ. பொறவு கேக்கல."

அடுத்தது பஞ்சு. வெளுத்த சட்டை, நெற்றியில் விபூதி.

"மருந்தை எப்படி ஏத்தினே, பஞ்சு?"

"டாக்டர் சொன்னபடிதான், மாமி. வெந்நீர்ல வெச்சு."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"நேத்திக்கும்?"

"நேத்திக்கும்தான்."

மணி 7.45. அம்மிணி புட்டியை மூடியிருந்த கையை விரித்தாள். உலர்ந்த ஊசி ஒன்றில் புட்டியிலிருந்ததை இழுத்தாள். சட்டென்று ஏறியது. வெள்ளைப் பீங்கான் தட்டில் சொட்டினாள். துளி மங்கலே இல்லாமல் தெளிவாக ஓடியது. டாக்டர் குனிந்து பார்த்தார். மருந்துத் தூளும் மெழுகும் கலந்தது இப்படி ஓடாது. மோந்து பார்த்தவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்" என்றாள் அம்மிணி. "தை மாசக் குளிருல நம்மாத்துல எண்ணெய் பாட்டிலை வெயில்ல வெச்சுட்டுத்தானே குளிக்கப் போவோம்? ஐஸ்ல இருந்தா கல்லா உறையும். பழுப்புக் கண்ணாடிக்குள்ள வித்தியாசம் தெரியாது. கையில பிடிச்சாலே உருகிடும்."

பஞ்சு இசக்கியம்மாள்மேல் பழிபோட வாயெடுத்தான்.

"அவ மாத்தியிருந்தா உனக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல வெந்நீர் கேட்டிருப்பே. உள்ள மெழுகு இல்லேன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அஞ்சு நிமிஷம் போறும். நீதான் எடுத்தே, பஞ்சு."

பஞ்சு செவ்வாய் மத்தியானம் நான்கு புட்டிகளை மாற்றியதாகவும், ஒன்று கறுப்புச் சந்தைக்குப் போய்விட்டதாகவும் ஒத்துக்கொண்டான். மற்ற மூன்றையும் குளிர்ச்சிக்காகத் தன் அறைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டிருந்தான். தகவல் கேட்டு வந்த கான்ஸ்டபிள் சிவனாண்டி அவனையும் அழைத்துக்கொண்டு ஓடிப்போய் மூன்றையும் எடுத்துவந்தார்.

மணி 8.40. வெந்நீர்ச் சட்டியை இசக்கியம்மாள் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். 9.05-க்கு டாக்டர் ஊசி போட்டார். மத்தியானம் ஜுரம் இறங்கவில்லை. சாயங்காலம் ஒரு டிகிரி இறங்கியது. அம்மிணி படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மணி 10.00. குழுவின் தலைவர் குறிப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூறு டிகிரி. நேற்றைக்கு ஒரே ஊசி. நடந்ததையெல்லாம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தன் ஆஸ்பத்திரியில் ஐம்பது பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் தலைவர். அவருக்குத் தமிழ் தெரியாது; வேலுச்சாமியிடம், ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார். அம்மிணி கேட்டாள்.

"ஊசி போட ஒருத்தரும் எழுப்பலயே. நல்லா ஒறங்கிட்டேன்" என்றான் வேலுச்சாமி.

அம்மிணி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். டாக்டர் சுந்தரராமன் எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார்.