குண்டூசி உயரத்தில் ஒரு திமிங்கிலம்

வகுப்பிலேயே நான்தான் குள்ளம். அதனால் என்னை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்காருபவன் நெட்டை. அவனுக்கு ஏன் அந்தப் பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வருஷம் எங்களுக்குப் புது டீச்சர். லீவு முழுக்க அவரே வரைந்து, வெட்டி, ஒட்டி, சுவரெல்லாம் படங்கள் மாட்டியிருந்தார். திமிங்கிலம், கோள்கள், எலும்புக்கூடு, எறும்புப் புற்று. கத்தரிக்கோல் பட்ட விரலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

புதன்கிழமை தலைமையாசிரியை வந்தார். படங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "திமிங்கிலம் மீனா, இல்லையா?" என்று எங்களைக் கேட்டார்.

"மீன்தான் மேடம்" என்று மொத்த வகுப்பும் சேர்ந்து சொன்னது.

"மீன் இல்லைன்னு அந்தப் படத்துலயே எழுதியிருக்கே." அவர் டீச்சரிடம் திரும்பினார். "பசங்க பாக்காத படம் எதுக்கும்மா? வெள்ளிக்கிழமை மறுபடி வரேன். அப்பவும் இப்படித்தான்னா கழட்டிடுங்க. என் ரூம்ல ரெண்டு பீரோ இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதை இங்க வெச்சிடலாம்."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. எங்களைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டவே இல்லை.

"டேய், நீயாவது அதைப் படிச்சியா?" என்று நெட்டையைக் கேட்டேன்.

"எனக்கே கண்ணுக்கு எட்டல. நீ வேற."

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் போனேன். படங்கள் ரொம்ப உயரத்தில் இருக்கின்றன என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை.

"என்ன குண்டூசி?"

"டீச்சர், என் இடத்துல கொஞ்சம் உக்காருறீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ டீச்சர். என் உயரத்துக்கு."

டீச்சர் காலை நீட்டிச் சரிந்து உட்கார்ந்தார்.

"இப்ப திமிங்கிலத்துக்குக் கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க."

டீச்சர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். "ஒண்ணுமே தெரியலையே" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க கை பட்டுக் கிழிஞ்சிடுமேன்னுதான் அவ்வளவு மேல மாட்டினேன்."

"கிழிஞ்சா ஒட்டிக்கலாம் டீச்சர். என்கிட்ட பசை இருக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் எல்லாப் படங்களையும் இறக்கினோம். "அவங்கவங்க கண்ணுக்கு நேரா மாட்டிக்கோங்க" என்றார் டீச்சர். நெட்டை எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டான். நான் திமிங்கிலத்தை மாட்டினேன். இடைவேளையில் ஒருவரும் வெளியே ஓடவில்லை. சுவரோரம் ஒரே தள்ளுமுள்ளு.

"குட்டிக்குப் பால் குடுக்குமாம்டா இது. அப்புறம் எப்படி மீனாகும்?"

"தள்ளு, நான் இன்னும் படிக்கல."

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்தார். திமிங்கிலத்துக்கு முன்னால் குனிந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு கீழ மாட்டினா எப்படிப் படிக்கிறது?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "உக்காந்து படிக்கணும் மேடம்."

தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், திமிங்கிலம் மீன் இல்ல" என்றான் நெட்டை.

"இரு, படிச்சிட்டிருக்கேன்ல."

மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், அந்த பீரோ..." என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது அங்கேயே கிடக்கட்டும்" என்றபடி அவர் எறும்புப் புற்றின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.