கருஞ்சுனையாற்றில் நூற்றுப் பதினெட்டு டன்

“முப்பது கிலோமீட்டர் வேகம், மேடம். காலையில ஹார்பர் கேட், சாயங்காலம் மில் கேட். ஒரே நாள்!”

தூத்துக்குடித் துறைமுக வாசலில் நின்று வரதன் இப்படி அறிவித்தபோது, ஜெசிந்தா மச்சாடோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஷூ! கரித்தூளும் கிரீஸும் புரளும் அந்தத் தரைக்கு வெள்ளை ஷூ போட்டு வருகிறவனிடம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“ஒரு நாளா?” என்றாள். “அஞ்சு நாளு, சார். அதுவும் மழை மனசு வச்சா.”

அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிக் காட்டினான். “மேப்ல எல்லாம் கிளியரா இருக்கே!”

“மேப்புல கரண்டு கம்பி தெரியுதா?”

வரதன் மேப்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். சென்னைத் தலைமை அலுவலகம் அவனைத் திட்ட மேலாளர் என்று அனுப்பியிருந்தது. துறைமுகத்தையே அன்றுதான் முதல் தடவை பார்க்கிறான் என்பது அவன் கப்பலோடு செல்பி எடுத்த விதத்திலேயே தெரிந்தது.

கப்பலிலிருந்து இறங்கியிருந்த சாமான் ஓர் இரும்பு உருளை. காகிதத்தை உலர்த்துவது. நூற்றுப் பதினெட்டு டன் எடை, ஐந்தரை மீட்டர் உயரம். கரிசல்புரம் காகித ஆலையில் பழைய உருளை வெடித்து நான்கு மாதமாக ஆலை மூடிக்கிடந்தது. அறுநூறு பேர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஆலைக்குப் போகும் வழியில் கருஞ்சுனையாறு குறுக்கிடுகிறது. ஐப்பசி மழை பிடித்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம்வரை உருளை இக்கரையிலேயே கிடக்கவேண்டியதுதான். அறுநூறு பேரும் அதுவரை காத்திருக்கவேண்டியதுதான்.

வழி பார்த்துச் சொல்வது ஜெசிந்தாவின் தொழில். மூன்று வாரத்துக்கு முன்னால் அளவுகோலைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரிலேயே துறைமுகத்திலிருந்து ஆலைவரை போய் வந்திருந்தாள். எந்த வளைவில் எந்த வீட்டுக் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த ஊரில் கம்பி தொங்குகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குளிர்சாதன அறையில் விரலால் கோடு இழுத்து வழி கண்டுபிடிக்கிறவர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பதினாறு வரிசைச் சக்கரங்கள் கொண்ட டிரெய்லரில் உருளை ஏறியது. அதை முன்னால் இழுக்கும் புல்லர் லாரியில் கோயில்பிச்சை. ஐம்பது வயது, மலைபோன்ற உடம்பு. பின்னாலிருந்து தள்ளும் புல்லரில் அவர் மைத்துனன் செல்லப்பா. டிரெய்லரின் வாலில் ஒரு சின்ன இருக்கை, அதில் பலவேசம். தளத்தை ஏற்றுவது, இறக்குவது, சக்கரங்களைத் திருப்புவது எல்லாம் அவன் கையிலிருக்கும் நெம்புகோல்களில்தான்.

“கெளம்புவமா, எம்மா?” என்று கோயில்பிச்சை குரல் கொடுத்தார்.

“கெளம்புங்க, அண்ணாச்சி!”

வண்டி நகர்ந்தது. முன்னால் ஜெசிந்தாவின் ஜீப். அதில் அவளுக்குப் பக்கத்தில், வேறு இடமில்லாத பாவத்துக்கு, வரதன்.

முதல் நாள் முப்பது கிலோமீட்டர்தான் போக முடிந்தது. வரதன் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொன்ன தூரம்! இரண்டாம் நாள் ஒரு கோயில் வளைவு வழிமறித்தது. “ஆறரை மீட்டர் உயரம், தாராளமா போலாம்” என்றான் வரதன். ஜெசிந்தா பேசாமல் அளவுகோலை நிமிர்த்திக் காட்டினாள். ஆறு மீட்டர் பத்து. டிரெய்லரோடு சேர்த்து உருளையின் உயரம் ஆறு முப்பது.

“அப்போ வளைவை...” என்று இழுத்தான் அவன்.

“இடிக்கணுமா? ஊருக்காரன் நம்மளத்தான் இடிப்பான், சார். பலவேசம், தளத்த எறக்கு!”

பலவேசம் தளத்தைத் தரையோடு தரையாக இறக்கினான். வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. உருளைக்கும் வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி! ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசிச் சக்கரம் வெளியே வந்ததும் சனங்கள் கைதட்டினார்கள். வரதன் அந்தக் கைதட்டலைப் படமெடுத்து, ஜீப்பில் ஏறியதும் ‘என் திட்டமிடல்’ என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினான். ஜெசிந்தா அதை ஓரக்கண்ணால் வாசித்தாள். எச்சிலைக் கூட்டித் துப்பவேண்டும்போல் இருந்தது. ஜீப் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் ஆற்றங்கரையை அடைந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துத் தடித்திருந்தது. தலைக்கு மேலே மட்டும் வெயில்.

“அதான் பாலம் இருக்கே! ஏன் ஆத்துல எறங்கணும்?” என்றான் வரதன்.

“அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு, சார்?”

“ஐம்பது டன்.”

“நம்ம வண்டி?”

அவன் வாய்க்குள் கூட்டிப் பார்த்தான். உருளை, டிரெய்லர், புல்லர்கள் எல்லாம் சேர்த்து இருநூறைத் தாண்டியது. பாலத்தை மறந்துவிட்டு அவன் ஜீப்பின் பின்பக்கம் போய், பெட்டியிலிருந்து டிரோனை எடுத்து ஆற்றுக்கு மேலே பறக்கவிட்டான்.

“பட்டம் விடுதாரு,” என்று பலவேசம் சிரித்தான். ஜெசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஆற்றில் மணல் காய்ந்து கிடந்தது. ஆலைக்காரர்கள் இரு கரையையும் சரிவாக வெட்டி, நடுவில் சரளை கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். முந்நூறு மீட்டர் அகலம். ஜெசிந்தா மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் ஒவ்வொரு பத்தடியிலும் கடப்பாரையால் குத்திப் பார்த்திருக்கிறாள். கல்மாதிரி இருந்தது.

வரதன் டேப்லெட்டோடு வந்தான். “மேடம், நடுவுல இடது பக்கம் கறுப்பா ஒரு கோடு தெரியுது. ஈரமா இருக்குமோ?”

“நெழலு, சார். கரையில பனமரம் நிக்குல்லா?”

அவள் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. சூரியன் உச்சியில் நின்றது. அந்நேரத்தில் கரைப் பனையின் நிழல் நடு ஆற்றுவரை எப்படி நீளும்? ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். சொன்னவன் வரதன் என்பதால் அந்த ஒரு நொடியைச் செலவழிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

“எறக்குங்க, அண்ணாச்சி!”

புல்லர் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. ஐம்பது மீட்டர்... நூறு மீட்டர்... ஜெசிந்தா கையை ஆட்டிக்கொண்டே வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். நூற்று நாற்பதாவது மீட்டரில் ‘சொத்’தென்று ஒரு சத்தம்!

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

இடதுபக்கச் சக்கரங்கள் சரளையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கின. அடியிலிருந்து கறுப்புச் சேறு கொப்பளித்து வந்தது. நூற்றுப் பதினெட்டு டன் உருளை மெல்ல இடதுபக்கமாகத் தலை சாய்த்தது. சங்கிலிகள் முறுக்கேறிக் கிறீச்சிட்டன.

“இடது பக்கம் ஏத்து, பலவேசம்! ஏத்துல!”

“முழுசும் ஏத்தியாச்சுக்கா! இனிமே போவாது!”

சாய்வு நின்றது. ஆனால் சக்கரங்கள் இன்னும் அமிழ்ந்துகொண்டிருந்தன. அப்போது அவள் போன் அடித்தது. ஆற்றில் மேற்கே தள்ளியிருந்த தரைப்பாலத்தில் காவலுக்கு நிறுத்தியிருந்த ஆலை ஆள். “அக்கா, தண்ணி வந்துட்டு! தரைப்பாலத்தத் தொட்டுட்டு! ஒரு மணி நேரத்துல ஒங்ககிட்ட வந்துரும்!”

ஜெசிந்தா கொப்பளிக்கும் சேற்றைப் பார்த்தாள். போன வாரம் மலையில் பெய்த மழை மணலுக்கு அடியிலேயே கசிந்து வந்திருக்கிறது. மேலே காய்ந்த தோல், கீழே கூழ். டிரோனின் கண்ணுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

கரையில் வரதன் அங்குமிங்கும் ஓடினான். “நான் அப்பவே சொன்னேன்! சொன்னேனா இல்லையா? நான் அப்பவே சொன்னேன்!”

மூன்று தடவை சொன்னான். அவனை அப்படியே அந்தச் சேற்றில் நட்டுவைக்கலாம்போல் இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

“சொன்னீங்க, சார். நான் கேக்கல. தப்பு என்னோடது. இப்ப அந்தப் படத்தக் காட்டுங்க.”

அவன் டேப்லெட்டை நீட்டினான். இந்தத் தடவை அவள் முழுசாகப் பார்த்தாள். பாதையின் இடதுபக்கம் கறுப்புக் கோடு. வலதுபக்கம், எட்டு மீட்டர் தள்ளி, சாம்பல் நிறத்தில் அகலமாக ஒரு பட்டை அக்கரைவரை நீண்டது.

“இது என்னது?”

“பாறை, மேடம். மணல் மேல லேசா மூடியிருக்கு. ஜூம் பண்ணா விரிசல்கூட தெரியுது, பாருங்க.”

பாறைதான்! ஆனால் அதன் விளிம்பு எங்கே என்று தரையில் நின்றால் தெரியாது. டேப்லெட்டில் இடம் பார்க்கத் தெரிந்தவன் யாராவது இறங்கி அடையாளம் காட்டவேண்டும்.

“நீங்க எறங்கணும், சார்.”

“நானா? தண்ணி வருதுன்னு சொன்னாங்களே!”

“அதனாலதான் சீக்கிரம் எறங்கச் சொல்லுதேன்!”

வரதன் இறங்கினான். டேப்லெட்டைப் பார்த்துப் பார்த்து நடந்து, கடப்பாரையால் குத்தி, ‘டங்’கென்ற இடமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டான். நடுவில் ஒரு ஷூ சேற்றோடு போயிற்று. அதை எடுக்க அவன் குனிந்தபோது, “விடுங்க சார், அத!” என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஜெசிந்தா திட்டத்தைச் சொன்னாள். “செல்லப்பா பின்னால இழுக்கணும். இருபதடி வந்தாப் போதும், கெட்டித் தரை. அங்கயிருந்து எல்லாச் சக்கரத்தையும் வலது பக்கம் திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டுல பாறைக்குப் போறோம். சம்மதமா?”

“சங்கிலி அந்துச்சுன்னா?” என்றார் கோயில்பிச்சை.

“அந்துச்சுன்னா உருளை ஆத்தோட போயிரும், அண்ணாச்சி.”

“சரி. அப்ப அறுக்காம இழுப்போம்!”

இரும்புத் தகடுகளைச் சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றில் திணித்தார்கள். வண்டிக்காரர் மூன்று பேரும் கழுத்துவரை சேறானார்கள். செல்லப்பா பின்னால் இழுக்க, கோயில்பிச்சை முன்னாலிருந்து அளந்து தள்ள, டிரெய்லர் நடுங்கியது. ஒரு தகடு காகிதம்போல் மடங்கியது. உருளை மறுபடி சாய்ந்தது. “விடாதே! விடாதே!” ஜெசிந்தாவின் தொண்டை கிழிந்தது. சேறு ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு சக்கரங்களை விட்டது!

இருபதடி பின்னால். பலவேசம் நெம்புகோலைத் திருப்பினான். எல்லாச் சக்கரங்களும் ஒன்றாக வலப்பக்கம் முகம் திருப்பின. அந்த மாபெரும் வண்டி பக்கவாட்டில் நகர்ந்து, சிவப்புத் துணிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் பாறையில் ஏறியது. கீழே ‘நறநற’வென்று கல் அரைபட்டது. அதைவிட இனிய சத்தத்தை அவர்கள் யாரும் அன்றுவரை கேட்டதில்லை.

மேற்கே நுரையும் சுள்ளியுமாக ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

“வருது! வருது!” வரதன் ஒற்றை ஷூவோடு அக்கரையை நோக்கிப் பறந்தான்.

“ஓட்டுங்க, அண்ணாச்சி!”

டிரெய்லரின் கடைசிச் சக்கரம் கரைச் சரிவில் ஏறியபோது தண்ணீர் செல்லப்பாவின் புல்லர் டயரை நனைத்துவிட்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் சிவப்புத் துணிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று மாலை கரிசல்புரம் ஆலை வாசலில் வேட்டு வெடித்தார்கள். உருளையைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். ஓர் அம்மாள் கோயில்பிச்சையின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வரதன் இரவல் செருப்போடு மேடையேறி, “என் தலைமையில் என் குழு...” என்று ஆரம்பித்தான். அரைமணி நேரம் பேசினான். மற்றவர்கள் பெயர் ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை.

“இந்தாளு திருந்தவே மாட்டான்,” என்றான் பலவேசம்.

“அவன் எதுக்குத் திருந்தணும்? பிரியாணி ஆறுது, வா,” என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் பாரமில்லாத டிரெய்லரைக் கழற்றி, இரண்டு புல்லர்களில் பாதி பாதியாகக் கட்டி, ஒவ்வொன்றாகப் பாலத்தின் வழியே திரும்பினார்கள். கீழே கருஞ்சுனையாறு கரைக்குக் கரை புரண்டது. கோயில்பிச்சை வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். ஜெசிந்தா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தாள்.

“அங்கதான கெடந்தோம், எம்மா?”

“அங்கதான்.”

“ஒனக்கு அந்தாள இப்பவும் புடிக்கல, இல்லையா?”

“சுத்தமாப் புடிக்கல, அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. “ஆனா ஆளப் புடிக்கலன்னு கண்ணையும் மூடிக்கிட்டேன் பாருங்க, அது என் மடத்தனம். அடுத்த தடவ எந்தக் கிறுக்கன் படம் காட்டுனாலும் முழுசாப் பாத்துட்டுத்தான் திட்டுவேன்.”

கோயில்பிச்சை வயிறு குலுங்கச் சிரித்தார். புல்லர் உறுமியது. அவர்கள் கடல் பக்கம் பார்த்துக் கிளம்பினார்கள். துறைமுகத்தில் அடுத்த சாமானோடு ஒரு கப்பல் வந்து நின்றது.