ஆளில்லாத் திரையில் ஓர் அம்புக்குறி

சோதனை தேறிவிட்டிருந்தது. நிமியாவை உறுத்தியதே அதுதான்.

வாரம் முழுக்க ஒரே இடத்தில் தொங்கிக்கிடந்த சோதனை அது. காரணமும் அவளுக்குத் தெரியும். மருத்துவமனைகளுக்காக அவர்கள் எழுதும் மென்பொருளில் 'நிறுத்து' பொத்தானைத் தொட்டால், 'செயற்கைச் சுவாசத்தை நிறுத்தவா? ஆம் / இல்லை' என்று ஒரு பெட்டி எழும். சோதனை ஓடுவதோ கம்ப்யூட்டரின் நினைவில் மட்டுமே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத திரையில். அங்கே பெட்டி எழுந்தால் பதில் சொல்ல ஆளில்லை. நிரல் காத்தே கிடக்கும். 'ஆம்' என்பதைத் தானாக அழுத்தும் வரியை அவள் இன்னும் எழுதவே இல்லை.

ஆனால் யாரோ அழுத்தியிருந்தார்கள்.

அசுன்சியோன் நகரமே, அங்கே உச்சக் கோடையான ஜனவரியின் வெயிலுக்கு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு சியெஸ்தா என்னும் மதியத் தூக்கத்தில் கிடந்தது. அலுவலகத்தில் அவளும், முனகும் மின்விசிறியும், சூடேறிய வயர்களின் பிளாஸ்டிக் வாசனையும்தான். வீட்டில் படுத்திருந்த சக ஊழியன் அர்னால்தோவை ஃபோனில் எழுப்பினாள்.

"அந்த டெஸ்ட்ல நீ கை வச்சியா?"

"சியெஸ்தா நேரத்துல பேய்கூட வேலை செய்யாது தாயே, நான் செய்வேனா?"

"தானா பாஸாயிருக்குடா."

"பாஸானதுக்கு அழுவுற ஒரே ஆளு நீதான். ஜில்லுனு ஒரு தெரெரே டீ குடிச்சிட்டுப் படு." அவன் குரல் தணிந்தது. "உங்கப்பா விஷயமா டாக்டர் கேட்டாரே, என்ன சொன்னே?"

"மூச்சு மிஷினை எடுக்க விடமாட்டேன்னுட்டேன்."

"நிமியா... அவரு ரொம்பக் கஷ்டப்படறாரு."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

சோதனை ஓடும்போதே அந்தத் திரையைப் படமெடுக்க ஒரு வரி எழுதி, மறுபடி ஓட்டினாள். முதல் படத்தில் பெட்டி இருந்தது. மவுஸின் அம்புக்குறி தொலைவில், மூலையில். அடுத்ததில் சற்று நெருங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும். நேராக வரவில்லை, நடுங்கி நடுங்கி, நின்று நின்று, பலமில்லாத ஒன்று தன்னை இழுத்துக்கொண்டு வருவதைப்போல.

அந்தத் திரைக்கு மவுஸே கிடையாது.

பெட்டியின் தலைப்பில் நோயாளியின் பெயர்: எவுலோகியோ. பொய் நோயாளிக்கு வாயில் வந்த பெயரை வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவள் வாயில் அப்பாவின் பெயர் வந்திருந்தது.

சோதனையில் நிற்கும் சுவாசக் கருவியும் பொய்தான், மருத்துவமனைக்கு இங்கிருந்து ஒரு கம்பிகூடப் போகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் சுனில்தாவை வீடியோவில் கூப்பிட்டாள். அந்த மறைந்த திரையையும் தன் மானிட்டருக்குக் கொண்டுவந்து, சோதனையை மீண்டும் ஓடவிட்டாள்.

"உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு பொண்ணே. மிஷின் ஓடுது, நெஞ்சு ஏறி இறங்குது, நீயே பாரு." சுனில்தா செல்போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். "நினைவுதான் இல்ல. ஆனா மத்தியானத்துலேர்ந்து கையை மட்டும் என்னமோ பண்றாரு."

மூடிய கண்கள். வாயில் குழாய். வெள்ளை விரிப்பின்மேல் வலது ஆள்காட்டி விரல் நகர்ந்துகொண்டிருந்தது. நடுங்கி நடுங்கி. நின்று நின்று.

மானிட்டரில் அம்புக்குறி நகர்ந்தது.

விரல் நின்றது. அம்பு நின்றது.

நிமியா தன் மவுஸைப் பிடித்து 'இல்லை' பக்கம் இழுத்தாள். வரவில்லை. விசைப்பலகையை அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மானிட்டரின் மின் வயரையே பிடுங்கினாள். திரை அணையவில்லை.

அம்பு 'ஆம்'மின்மேல் ஏறியது.

"அப்பா. வேணாம்பா."

விரல் மெல்ல உயர்ந்தது.

"அப்பா!"

விரிப்பில் ஒருமுறை தட்டியது.

பெட்டி மறைந்தது. 'தேறியது' என்று பச்சை எழுத்து.

செல்போனில் அப்பாவின் நெஞ்சு இறங்கியது. மறுபடி ஏறவில்லை. சுனில்தா யாரையோ கூவி அழைத்தாள்; ஃபோன் கட்டில்மேல் சாய்ந்து விழுந்து, அந்தக் கையை மட்டும் காட்டியது.

விரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.