யூரியா சட்டை போட்ட பொம்மை

முருகலட்சுமி அன்று காலை இட்லியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். எப்படிச் சாப்பிட முடியும்? பத்து மணிக்குச் சான்றிதழ் அதிகாரி அவர்கள் தோட்டத்துக்கு வருகிறாரே.

அவளுடைய அய்யா பொன்னுச்சாமி மூன்று வருடமாக ரசாயன உரமோ பூச்சிமருந்தோ போடாமல் உருண்டையான முண்டு மிளகாய் விளைவிக்கிறார். ‘இது இயற்கை மிளகாய்’ என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? சான்றிதழ் வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. அய்யாவால் கட்ட முடியாத கட்டணம். தோட்டம் சரியாக இருக்கிறது என்று அதிகாரி எழுதிவிட்டால், அந்தப் பணத்தை அரசாங்கமே கொடுத்துவிடும். எழுதாவிட்டால்?

“பழையபடி உரத்த அள்ளிப் போட வேண்டியதுதான். இனிமே என்னால ஏலாது” என்று அய்யா நேற்றே சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் என்ன செய்தாலும் அதைச் சான்றிதழ் அலுவலகம் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் முருகலட்சுமியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், அந்த வேலை அவளுடையது. நோட்டைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினாள். அங்கே மிளகாய் செக்கச் செவேலென்று காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில், நேற்று அய்யா கட்டிவைத்த நான்கு மூட்டைகள். பார்த்ததும், அங்கே நின்றிருந்த அய்யாவிடம் ஓடினாள்.

நான்கும் யூரியா சாக்குகள்.

“அய்யா, உரச் சாக்குல கட்டக் கூடாதுன்னு நோட்டு அட்டையிலயே போட்டிருக்கே.”

“நல்லா அலசிக் காயப்போட்டுத்தான கட்டுனேன். ஊரே இதுலதான கட்டுது?” என்றார் அய்யா. ஆனால் அவர் முகம் கறுத்துவிட்டது. சட்டென்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். “அந்தம்மா வாரதுக்குள்ள வைக்கப்போருக்குப் பின்னால போட்டுருவோம்.”

“அப்ப நோட்டுல என்ன எழுதுறது?”

“ஒண்ணும் எழுத வேணாம் தாயி.”

“ஆடு புகுந்து செடியத் தின்னதக்கூட எழுதியிருக்கேன். இத மட்டும் விட்டா நோட்டு பூராவும் பொய்யாப் போயிரும்ல?”

அய்யா மூட்டையை இறக்கி வைத்தார்.

முருகலட்சுமி எழுதினாள்: ‘நான்கு மூட்டை மிளகாயை யூரியா சாக்கில் கட்டிவிட்டோம். தப்பு. தனியாக வைத்திருக்கிறோம்.’ அவசரத்தில் முத்து எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல ஆகிவிட்டது.

அதற்குள் ஜீப் வந்து நின்றது. கீழக்கரைக்காரரான அதிகாரி சூஃபியா வரப்பு வரப்பாக நடந்தார். மண்ணை அள்ளி முகர்ந்தார். பிறகு களத்துக்கு வந்து நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இத யாரும்மா எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். நடந்துச்சு, எழுதுனேன்.”

சூஃபியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உரச் சாக்க ஒளிச்சு வச்ச தோட்டம் எத்தனையோ பாத்துட்டேன். நோட்டுல எழுதி வச்ச தோட்டம் இது ஒண்ணுதான். அந்த நாலு மூட்டைய மட்டும் இயற்கை மிளகாய்னு விக்காதீங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. உதவிப் பணத்துக்கு எழுதிடுறேன்.”

முருகலட்சுமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையெழுத்துப் போடக் குனிந்த சூஃபியாவோ, பேனாவை நிறுத்தினார்.

“அங்கன நிக்கிறது யாரு?”

எல்லாரும் திரும்பினார்கள். தோட்டத்து நடுவில், காக்கையை விரட்டும் பொம்மை இரண்டு கையையும் விரித்தபடி நின்றது. அது போட்டிருந்த சாக்குச் சட்டையில் ‘யூரியா’ என்று கொட்டை எழுத்து. மூன்று வருடமாகத் தினமும் பார்த்த பொம்மைதான். அந்த எழுத்துதான் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“அந்தச் சட்டைய மாத்துங்க. அப்புறந்தான் கையெழுத்து” என்றார் சூஃபியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அய்யா இங்கும் அங்கும் பார்த்தார். அதிகாரி வருகிறார் என்று இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிக்கொண்டு பொம்மையிடம் ஓடினார்.

கையெழுத்து விழுந்தது. முருகலட்சுமி நோட்டை வாங்கி, மறுபடி முத்து முத்தாக எழுதினாள்:

‘காலை பதினொரு மணி. பொம்மைக்குப் புதுச் சட்டை போட்டோம். அய்யா பனியனோடு நிற்கிறார்.’